கிட்டாருக்கு மர பைண்டிங் வளைப்பது: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

பெட்டி ஒட்டியாகிவிட்டது. மேல் பலகையும் பின் பலகையும் பக்கப் பலகையோடு சேரும் ஓரத்தில், காடி வெட்டும் மின்கருவியான ரவுட்டரால் காடி எடுத்தும் முடித்துவிட்டீர்கள். இனி அந்தக் காடியில் உட்கார வேண்டியவை பைண்டிங் என்ற நாலே நாலு மெல்லிய மரப் பட்டைகள். பக்கப் பலகையையே வளைத்தாகிவிட்டது, இந்தச் சின்னப் பட்டை என்ன பெரிய வேலை என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நாள் மூன்று மேப்பிள் பட்டைகள் இடுப்பு வளைவில் ஒடிந்தன. நான்காவது ஒடியவில்லை, ஆனால் முறுக்கிய கயிறு போலத் திருகி நின்றது. அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைப்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். அளவுகள் ஸ்டீல் கம்பி கிட்டாருக்கு, அதிலும் டிரெட்நாட் என்ற அகன்ற பெரிய உடலுக்கு ஏற்றவை. கிளாசிக்கல் கிட்டார் கட்டுகிறவர்களுக்கும் வளைக்கும் முறை இதேதான்.

முதலில், பைண்டிங் எதற்கு? அழகுக்கு மட்டும் இல்லை. மேல் பலகையின் வெட்டுமுகம் ஓரத்தில் திறந்து கிடக்கிறது. ஈரம் உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்த வழியாகத்தான் அதிகம். மேல் பலகைக்குப் போடும் ஸ்ப்ரூஸ் மெத்தென்ற மரம், நாற்காலியில் லேசாக இடித்தாலே ஓரம் நசுங்கும். அந்த ஓரத்துக்குக் கடினமான மரத்தில் ஒரு கரை போடுகிறோம், வேட்டிக்குக் கரை போல. பிளாஸ்டிக் பைண்டிங் வளைக்கச் சுலபம்தான். ஆனால் பழைய கிட்டார்களில் செல்லுலாய்டு பைண்டிங் வருடக்கணக்கில் சுருங்கி, இடுப்பில் விட்டுக்கொண்டு நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நன்றாக ஒட்டிய மரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

வளைப்பது சூடுதான், கை இல்லை

மரத்தின் இழைகளைப் பசை மாதிரி பிடித்து வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். ஈரமான மரத்தில் அது ஏறத்தாழ நீர் கொதிக்கும் சூட்டை ஒட்டி இளகும். காய்ந்த மரத்தில் இளக இன்னும் அதிகச் சூடு வேண்டும். இளகிய நேரத்தில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்துகொள்ளும், ஆறியதும் புதிய இடத்திலேயே இறுகிவிடும். தண்ணீர் இதற்குத் துணை மட்டும்தான். அது சூட்டை உள்ளே கொண்டுபோகும், மரம் கருகாமல் பார்த்துக்கொள்ளும். நாள் முழுக்க ஊறப்போட்டாலும் சூடு இல்லாமல் கடின மரம் நிரந்தரமாக வளையாது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டை வளையும்போது உள்பக்கம் அமுங்குகிறது, வெளிப்பக்கம் நீள்கிறது. இளகிய மரம் அமுங்குவதை நன்றாகத் தாங்கும், நீள்வதைத் தாங்காது. ஒன்றிரண்டு சதவீதம் நீண்டாலே இழை அறுந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 2 மி.மீ. தடிமனுள்ள பட்டையை 50 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் அதன் வெளிப்பக்கம் சுமார் 2 சதவீதம் நீள வேண்டும், அதாவது விளிம்பில் நிற்கிறோம். அதே வளைவை 100 மி.மீ. ஆரத்தில் செய்தால் ஒரு சதவீதம்தான். அதனால்தான் டிரெட்நாட்டின் அகன்ற இடுப்பு சிரமம் தருவதில்லை. சின்ன உடல் கிட்டார்களின் ஒடுங்கிய இடுப்பும், கட்டவே என்று கழுத்தருகே உடலை உள்ளே வெட்டிய இடத்தின் குறுகிய வளைவும்தான் ஆளைச் சோதிக்கும். தடிமனை 2.2-லிருந்து 1.8 மி.மீ.க்குக் குறைத்தால் எவ்வளவு நிம்மதி என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரியும்.

வெளிப்பக்கம் நீளாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. பட்டைக்குப் பின்னால், அதாவது நீளப்போகும் பக்கத்தில், மெல்லிய உலோகத் தகட்டை வைத்து இரண்டையும் சேர்த்தே வளைப்பது. வியன்னாவில் மிக்கேல் தோனெட் 1850-களில் பீச் மரக் கட்டைகளை வளைத்து நாற்காலி செய்ததும் இந்த வழியில்தான். அவருடைய 14-ஆம் எண் நாற்காலி 1859-இல் வந்தது, உலகம் முழுவதும் காபிக் கடைகளில் போட்டார்கள். நமக்கு வேண்டியது 0.25 மி.மீ. தடிமனுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, 3 செ.மீ. அகலம், பட்டையைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளம். இரண்டு முனையிலும் பிடிப்பதற்கு மரத்துண்டு திருகிக்கொள்ளுங்கள். வெறும் கையால் பிடித்தால் தோல் வெந்துவிடும்.

எந்த மரம்

முதல் தடவை என்றால் ஈட்டி மரத்தில் ஆரம்பியுங்கள். தோதகத்தி என்றும் சொல்வோம். வியாபாரத்தில் இதற்கு இந்தியன் ரோஸ்வுட் என்று பெயர். நீலகிரி, ஆனைமலை, மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக வளர்கிற நம்முடைய மரம். 1969-இல் பிரேசில் தன் ரோஸ்வுட் தடிகளை ஏற்றுமதி செய்வதை நிறுத்தியபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் தன் கிட்டார்களுக்கு இந்த மரத்துக்குத்தான் மாறியது. அப்போதிலிருந்து உலகம் முழுக்க ரோஸ்வுட் கிட்டார்களின் பக்கமும் முதுகும் பெரும்பாலும் நம் மலையின் மரம்தான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு சந்தோஷம். ஈட்டியில் எண்ணெய்ப் பிசின் இருப்பதால் சூடு ஏறியதும் நன்றாக இளகும், கருகினாலும் கறுத்த நிறத்தில் தெரியாது. பில் இல்லாத மரத்தை வாங்காதீர்கள். பழைய கட்டில், மேசை உடைத்ததில் கிடைக்கும் துண்டுகளே நாலு பட்டைக்குத் தாராளமாகப் போதும். பல பத்தாண்டு காய்ந்த மரம் வேறு. ஈட்டியின் தூசி சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை உண்டாக்கும், மாஸ்க் போடாமல் அறுக்க வேண்டாம்.

வால்நட் இதைவிடச் சுலபம். மஹோகனி பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் குறுகிய வளைவில் திடீரென்று சிதறும். கருங்காலி மெதுவாகத்தான் வழிக்கு வரும், அவசரப்பட்டால் கண்ணாடி மாதிரி உடையும். நேர் ரேகை மேப்பிள் நல்ல பிள்ளை. அலை அலையாக மின்னும் மேப்பிள்தான் எல்லோருக்கும் பிடித்தது, எல்லோரையும் அழவைப்பதும் அதுதான். அந்த அலையே இழை மேலும் கீழும் ஏறி இறங்குவதால் வருகிறது. ஒவ்வொரு அலையிலும் இழை பட்டையின் முகத்தில் வெட்டுப்பட்டு முடிகிறது. அங்கேதான் ஒடியும். ஆசை இருந்தால் இரண்டாவது கிட்டாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தின் வகையைவிட முக்கியம், இழை பட்டையின் நீளத்துக்கு நேராக ஓடுகிறதா என்பது. பட்டையின் ஓரத்தைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். ரேகை ஒரு முகத்தில் நுழைந்து கொஞ்ச தூரத்திலேயே மறு முகத்தில் வெளியேறினால் அந்தப் பட்டை வேண்டாம். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால், பலகையின் மூலையில் உளியை வைத்து ஒரு சிம்பைப் பிளந்து பாருங்கள். பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் இழையின் உண்மையான போக்கு. அந்தப் போக்குக்கு இணையாகக் கோடு போட்டு அறுங்கள். பலகையின் நேர் ஓரத்தை நம்பி அறுக்காதீர்கள்.

பட்டையைத் தயார் செய்வது

நாலு பட்டை வேண்டும் என்றால் ஏழு அறுங்கள். ஒடிவது ஒருபுறம் இருக்கட்டும், முதல் பட்டை எப்போதுமே கைக்குப் பழக்கம் வர வைக்கத்தான். நீளம் 85 செ.மீ., உயரம் 6.5 மி.மீ., தடிமன் 2 முதல் 2.2 மி.மீ. காடியின் ஆழத்தைவிடத் தடிமன் ஒரு நூலிழை, அதாவது 0.1 அல்லது 0.2 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். ஒட்டிய பிறகு ஸ்க்ரேப்பரால் சுரண்டி மட்டம் பண்ணிக்கொள்ளலாம். குறைந்துவிட்டால் பக்கப் பலகையைத்தான் இழைக்க வேண்டி வரும்.

தடிமன் நெடுக ஒரே சீராக இருக்க வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஒரு இடத்தில் 2.0, அடுத்த இடத்தில் 1.8 என்றால், வளைவு முழுக்க அந்த மெல்லிய இடத்திலேயே போய்ச் சேரும். பட்டை வட்டமாக வராமல் முழங்கை மாதிரி மடங்கும். வெர்னியர் காலிப்பரால் 5 செ.மீ.க்கு ஒரு தடவை அளந்து, கூடுதலாக உள்ள இடத்தை ஸ்க்ரேப்பரால் சீவுங்கள். ரம்பத்தின் குறுக்குக் கீறல்கள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஒவ்வொரு கீறலும் விரிசலுக்கு வாசல். கடைசியில் உப்புத்தாளை நீளவாக்கில் மட்டும் ஓட்டுங்கள்.

அப்புறம் குறியிடுவது. இதை விட்டுவிட்டு நான் ஒரு ஜோடியை இரண்டும் இடது பக்கத்துக்கே ஆகிற மாதிரி வளைத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பட்டையிலும் எந்த முகம் வெளியே தெரிய வேண்டும், எந்த ஓரம் மேலே, எந்த முனை கழுத்துக்கு எதிரே உள்ள வால் பக்கம், இடது பக்கமா வலது பக்கமா என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கசியும். இடுப்பின் ஆழமான புள்ளி எங்கே வருகிறது என்பதை உங்கள் கிட்டாரிலேயே அளந்து எடுங்கள். வாலின் நடுக்கோட்டில் தொடங்கி காடியை ஒட்டியபடியே ஒரு நூலை இடுப்பு வரை கொண்டுபோய், அந்த நீளத்தைப் பட்டையில் குறியுங்கள். வால் முனையில் 2 செ.மீ. உபரி விட்டு அங்கிருந்து அளக்க வேண்டும். வரைபடத்தில் உள்ள அளவை நம்ப வேண்டாம், கையால் செய்த பெட்டி அதிலிருந்து சில மில்லிமீட்டராவது விலகியிருக்கும்.

குழாய்

பட்டையை வளைப்பதற்கென்றே மின்சாரத்தில் சூடாகும் குழாய் விற்கிறார்கள், நீள்வட்டமாக இருக்கும், சூட்டைத் திருகிக் கூட்டலாம். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 6 செ.மீ. விட்டமுள்ள தடித்த அலுமினியக் குழாய் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் ஒரு அடி நீளம், பட்டறை வைஸில் படுக்கவாட்டில் பிடித்து, உள்ளே ஹீட் கன் காற்றை விடலாம், அல்லது கேஸ் டார்ச்சின் சுடரைக் காட்டலாம். ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சில் நேரடிச் சுடர் பட்டால் வரும் புகை உடம்புக்குக் கெடுதல். சாதாரண இரும்புக் குழாயிலும் ஒரு சிக்கல், ஈர மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து நீலக் கறுப்பாகக் கறை விடும். இரும்புதான் கையில் இருக்கிறது என்றால் அலுமினியத் தாளைக் குழாயில் சுற்றிக்கொள்ளுங்கள். மரச் சீவல்களைப் பெருக்கித் தள்ளி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்த பிறகுதான் டார்ச்சைப் பற்ற வைக்க வேண்டும்.

வேண்டிய சூடு 150 முதல் 200 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லாமலும் தெரிந்துகொள்ளலாம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, அதேதான். துளி குழாயில் தங்கி மெதுவாகக் கொதித்தால் இன்னும் போதாது. சுர்ரென்று உடனே காய்ந்தால் சரி. உருண்டையாகத் துள்ளி ஓடினால் 200-ஐத் தொட்டுவிட்டது. ஈட்டிக்கு அது பரவாயில்லை, மேப்பிளுக்குக் கொஞ்சம் குறையுங்கள், வெளிர் மரம் சில நொடியில் பழுப்பேறிவிடும்.

வளைப்பது

ஈட்டிப் பட்டைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் போட்டால் போதும். தண்ணீர் கருஞ்சிவப்பாகச் சாயம் இறங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் அந்தக் கையோடு வெள்ளை ஸ்ப்ரூஸைத் தொடாதீர்கள். மேப்பிளை ஊறவைக்க வேண்டாம், இரு பக்கமும் தண்ணீரைத் தெளித்தால் போதும். அலை மேப்பிள் ஊறினால் முகமெல்லாம் மேடு பள்ளமாகும்.

இடுப்பில் தொடங்குங்கள். மூன்று வளைவுகளில் நடுவில் இருப்பது அது. மேலும் இடுப்பு தன் இடத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டால் மற்ற வளைவுகளைத் தள்ளி இழுத்துச் சரிக்கட்டலாம், இடுப்பே தள்ளிப்போனால் எதுவும் பொருந்தாது.

இடுப்பில் குழாயைத் தொடுவது பட்டையின் வெளிமுகம், அதாவது கடைசியில் கண்ணுக்குத் தெரியப்போகும் முகம். கழுத்துப் பக்கத்து மேல் வளைவிலும் வால் பக்கத்துக் கீழ் வளைவிலும் குழாயைத் தொடுவது உள்முகம். இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளலாம். இடுப்பில் கருகினால் அது வெளியே தெரியும், ஆகவே அங்கே நிதானம் வேண்டும். ஆனால் இடுப்பில் விரிசல் விட்டால் அது உள்முகத்தில்தான் விடும், காடிக்குள் மறைந்துவிடும். மேல், கீழ் வளைவுகளில் இது தலைகீழ், கருகல் மறையும், விரிசல் தெரியும்.

பென்சில் குறி குழாயின் உச்சியில் வரும்படி பட்டையை வையுங்கள். தகடு பட்டைக்கு மேலே, உங்கள் பக்கம். இரண்டு கையாலும் லேசான அழுத்தம் மட்டும் கொடுத்து, குறிக்கு இரண்டு பக்கமும் மூன்று நான்கு செ.மீ. தூரம் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கே மடிப்பு விழும். முதல் பத்துப் பதினைந்து நொடி எதுவும் நடக்காது. ஆவி வரும், ஈட்டி என்றால் இனிப்பான ஒரு மணம் வரும், பட்டை விறைப்பாகவே இருக்கும். இந்த நேரத்தில்தான் பொறுமை போய் அழுத்திவிடுவோம். அழுத்தாதீர்கள். திடீரென்று ஒரு கணம், உங்கள் அழுத்தம் மாறாமலே, பட்டை விரலுக்குக் கீழே தளர்ந்து இறங்கும். சப்பாத்தி மாவு கைக்கு இணங்குவது மாதிரி இருக்கும். ஒரு தடவை கை அதை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது. அந்தத் தளர்வு வந்த பிறகு மரம் போகிற அளவுக்கு மட்டும் நீங்களும் கூடப் போங்கள். அது மறுபடி விறைத்தால் நிறுத்தி, தண்ணீர் தெளித்து, மீண்டும் சூட்டில் வையுங்கள். பட்டை காய்ந்து ஆவி நின்றுவிட்டால் அடுத்தது கருகல்தான்.

கிட்டாரில் உள்ள எந்த வளைவையும்விடக் குழாயின் வளைவு குறுகியது. ஆகவே குழாயை அச்சாக நினைத்து அதன்மேல் அப்படியே சுற்றக் கூடாது. கொஞ்சம் வளைத்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி கொஞ்சம் என்று போனால்தான் அகன்ற வளைவு சீராக வரும். வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து, குழாயிலிருந்து எடுத்து, கையிலேயே பத்து நொடி அப்படியே பிடித்திருங்கள். ஆறும்போது கொஞ்சம் விரிந்து சரியான இடத்துக்கு வரும். உடனே கிட்டாரின் இடுப்பில் வைத்துப் பாருங்கள். இடுப்பு மட்டும் அழுத்தம் இல்லாமலே தொட வேண்டும். உள்ளே குழிந்த இடம் என்பதால் டேப் அதை இழுத்துப் பிடிக்காது, இடைவெளி விட்டால் இடைவெளியாகவே ஒட்டும். மற்ற வளைவுகளில் விரலால் தொட்டால் மூடுகிற இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி இருந்தால் பாதகமில்லை.

இடுப்பு சரி என்றதும் பட்டையைத் திருப்பி கீழ் வளைவு, பிறகு மேல் வளைவு. இடுப்பிலிருந்து எதிர்வளைவுக்கு மாறும் இடத்தில் சில செ.மீ. ஏறக்குறைய நேராக இருக்கும், அதை வளைத்துவிடாதீர்கள். மேல் வளைவு கழுத்தை நோக்கித் திரும்பும் இடத்தில் முனை குட்டையாக இருக்கும், பிடிக்க இடம் இருக்காது. ஒரு மரக்கட்டையால் பட்டையைக் குழாயோடு அணைத்துப் பிடித்தால் சுலபம்.

திருகல்தான் பைண்டிங்குக்கே உரிய தொல்லை. பக்கப் பலகை பத்து செ.மீ. அகலம், தானே குழாயில் படிந்து நிற்கும். ஆறரை மி.மீ. பட்டைக்கு அந்தப் பிடிப்பு இல்லை, கை ஒரு பக்கம் சாய்ந்தாலும் திருகிக்கொள்ளும். இதற்கு இரண்டு பட்டைகளை ஓரத்தோடு ஓரமாகச் சேர்த்து, நாலைந்து இடத்தில் மெல்லிய செம்புக் கம்பியால் கட்டி, ஒரே பட்டையாக வளைப்பது நல்லது. இடது வலது ஜோடியும் ஒரே மாதிரி வரும். சாதாரண டேப் சூட்டில் உருகிவிடும். பேண்ட்சா வைத்திருப்பவர்கள் 16 மி.மீ. அகலப் பட்டையாக வளைத்துவிட்டுப் பிறகு இரண்டாக அறுப்பதும் உண்டு. திருகிவிட்ட பட்டையையும் காப்பாற்றலாம். அந்த இடத்தை மட்டும் மறுபடி சூடாக்கி, குழாயில் தட்டையாகப் படியும் வரை மரக்கட்டையால் அழுத்திப் பிடியுங்கள்.

பட்டையில் ஏற்கெனவே கறுப்பு வெள்ளை வெனீர் கோடு, அதாவது மெல்லிய மரச் சீவலால் ஆன அலங்காரக் கோடு, ஒட்டி வாங்கியிருந்தால் ஒரு எச்சரிக்கை. மரவேலைக்கான வெள்ளைப் பசையும் மஞ்சள் பசையும் சூட்டில் இளகும், கோடு பிரிந்து வரலாம். தகட்டால் இறுக்கிப் பிடித்து, சூட்டைக் குறைத்து, ஆறும் வரை விடாமல் பிடிக்க வேண்டும். முதல் தடவைக்கு இந்த வம்பு வேண்டாம். வெறும் பட்டையை வளைத்து, கோட்டைப் பிறகு காடியிலேயே சேர்த்து ஒட்டுங்கள்.

பின் பலகையின் பட்டை

பாடம் படித்தவர்கள்கூட இங்கே தடுமாறுவார்கள். டிரெட்நாட்டின் உடல் கழுத்துப் பக்கம் சுமார் 10 செ.மீ., வால் பக்கம் சுமார் 12 செ.மீ. ஆழம். பின் பலகை வேறு குவிந்திருக்கும். ஆகவே பின்புறக் காடி ஒரே தளத்தில் ஓடுவதில்லை, மேல் வளைவில் கீழிறங்கிச் செல்லும். அழகாக வளைத்த பட்டையை அங்கே வைத்துப் பார்த்தால், மேல் வளைவில் காடியின் அடியைத் தொடாமல் சில மி.மீ. எழும்பி நிற்கும். பட்டையை இப்போது அதன் ஆறரை மி.மீ. உயரத் திசையில், அதாவது ஓரவாக்கில், லேசாக வளைக்க வேண்டும். அந்தத் திசையில் மரம் மூன்று மடங்கு தடிமன், அதனால் சுலபத்தில் இணங்காது. பட்டையை ஓரத்தில் நிற்க வைத்து, மேல் வளைவு முழுவதும் மெதுவாகச் சூடேற்றி, நீண்ட அகன்ற வளைவாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒரே இடத்தில் முயன்றால் ஒடியும். பின்பக்கப் பட்டைக்கு மட்டும் உயரத்தை 5.5 மி.மீ. ஆக்கி, காடியையும் அதற்கேற்ப எடுத்தால் வேலை நன்றாகக் குறையும். நான் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.

ஒடிந்தால்

முழுதாக ஒடிந்தால் அடுத்த பட்டையை எடுங்கள். ஒரு இழை மட்டும் சிம்பாக எழும்பினால், பட்டை காய்ந்த பிறகு நீர்த்த சூப்பர் க்ளூ ஒரு துளி விட்டு, பிளாஸ்டிக் தாள் வைத்து அழுத்திவிடலாம், உள்முகம் என்றால் யாருக்கும் தெரியாது. கருகிய பழுப்பு லேசாக இருந்தால் ஸ்க்ரேப்பரில் போய்விடும், அதற்கும் சேர்த்துத்தான் அந்த 0.2 மி.மீ. உபரி. ஒரே மரத்தில் இரண்டு மூன்று பட்டைகள் அடுத்தடுத்து ஒடிந்தால் உங்கள் கையைச் சந்தேகிக்காதீர்கள். தடிமனை 1.8-க்கு இறக்கிப் பாருங்கள், அப்படியும் ஒடிந்தால் பலகையை மாற்றுங்கள். ஏதாவது ஒரு பலகையில் இழை சரியில்லை என்றால் எந்த வித்தையும் உதவாது.

காயவிட்டு ஒட்டுவது

வளைத்த அன்றே ஒட்டிவிட வேண்டும் என்று கை துடிக்கும். ஈரப் பட்டை வீங்கியிருக்கிறது, ஒட்டிய பிறகு சுருங்கினால் காடியில் கோடாக இடைவெளி தெரியும். பட்டைகளைக் கிட்டாரின் காடியிலேயே டேப் போட்டுக் கட்டி, அல்லது பக்கப் பலகைக்குச் செய்த அச்சில் கிளாம்ப் போட்டு, ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஈட்டி என்றால் ஸ்ப்ரூஸில் சாயம் படும், அச்சுதான் நல்லது. கிட்டார் வேலைக்குக் காற்றின் ஈரம் 45 முதல் 50 சதவீதம் என்பது பொதுக் கணக்கு. கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் நமக்கு அது கிடைக்காது. அப்போது இரண்டு நாள் விட்டு, ஒட்டும் நாளை வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு வளைவு கொஞ்சம் விரிந்திருந்தால் குழாயில் ஒரு நிமிடம் காட்டினாலே திரும்பிவிடும்.

ஒட்டுவதற்கு முன்னால் மேல் பலகையின் ஓரத்துக்கும் காடிக்குப் பக்கத்திலும் ஷெல்லாக் என்ற அரக்கு மெருகு ஒரு பூச்சு கொடுங்கள். பசையும் சூப்பர் க்ளூவும் ஸ்ப்ரூஸில் ஊறாமல் அது காப்பாற்றும். பின்னால் பாலிஷ் போடும்போது ஒன்று நினைவிருக்கட்டும், ஈட்டியின் சாயம் ஸ்பிரிட்டில் கரையும். துணியை ஈட்டியிலிருந்து வெள்ளை மரத்துக்கு இழுத்தால் ஊதாத் தீற்றல் விழுந்துவிடும். பைண்டிங்கின் மேல் அதன் நீளவாக்கில் மட்டும் துடைக்க வேண்டும்.

பசை இல்லாமல் ஒரு ஒத்திகை பாருங்கள். பட்டை தட்டாமல், விரல் அழுத்தத்தில் காடிக்குள் இறங்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் பசையின் ஈரத்தில் வீங்கி நடுவழியில் நின்றுவிடும். 15 செ.மீ. நீள டேப் துண்டுகள் ஐம்பதாவது முன்கூட்டியே கிழித்து மேசை ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வால் முனையை நடுக்கோட்டில் சுத்தமாக வெட்டி, அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு சாண் தூரத்துக்குப் பசை, பட்டை, டேப், பிறகு அடுத்த சாண். இரண்டு மூன்று செ.மீ.க்கு ஒரு டேப், முதலில் பக்கத்தில் ஒட்டி, பட்டைக்கு மேலாக இழுத்து மேல் பலகையில் ஒட்ட வேண்டும். கழுத்து முனையில் மிஞ்சுவதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம், மேல்பக்கத்தில் அந்த இணைப்பு ஃபிங்கர்போர்டுக்கு அடியில் மறைந்துவிடும். இடுப்பில் மட்டும் டேப்பை நம்பாமல், அந்த வளைவுக்குச் சீவிய ஒரு மரக்கட்டையை வைத்து கிளாம்ப் போடுங்கள். எல்லாம் முடிந்ததும், பழைய சைக்கிள் ட்யூபை நீளமாகக் கிழித்து, உடலைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினால் எங்கேயாவது விட்டிருக்கும் மயிரிழை இடைவெளியும் மூடிக்கொண்டு பசை பிதுங்கி வருவதைப் பார்க்கலாம். ட்யூபில் பசை ஒட்டாது, அதனால் கவலையில்லை.

மறுநாள் காலையில் ட்யூபை அவிழ்த்து, டேப்பை உரியுங்கள். வேகமாக இழுத்தால் ஸ்ப்ரூஸின் இழையும் சேர்ந்து பிய்ந்து வரும். ஹேர் டிரையரால் ஒவ்வொரு டேப்புக்கும் சில நொடி சூடு காட்டி, முனையை மடித்துப் படுக்கவாட்டில், மரத்தின் ரேகை போகிற திசையிலேயே மெதுவாக இழுங்கள்.